வால் வைக்காத நாய்க்குட்டி

“இது பன்னி” என்றாள்.

நானோ முயல் பின்னிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு மேசையில், பாதி வெட்டிய பாண் ரொட்டிக்கும் சீனிப் போத்தலுக்கும் நடுவே, இளஞ்சிவப்புக் கம்பளி நூலில் ஓர் உருண்டைத் தலை இருந்தது. நிமிர்ந்து நிற்க வேண்டிய காதுகள் இரண்டும் களைத்துப்போய் முன்பக்கம் விழுந்து கிடந்தன. மூக்குக்கென்று வைத்த சின்ன வட்டம் வேண்டியதைவிடப் பெரிதாகிவிட்டிருந்தது. வெளியே பின்னேர மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

மேசையின் மறுபக்கத்தில் அவள் கதிரையின் மேல் முழங்காலிட்டு, நாடியை இரண்டு கைகளிலும் தாங்கிக்கொண்டு, அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முயல்தான். காது இருக்கே, தெரியல்லையா?”

“பன்னிக்கும் காது இருக்கு.”

மறுத்துப் பேச முடியாத வாதம். தலையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பன்றியேதான். அதுவும் யாரோ ஏதோ சொல்லிவிட்டதால் மனம் நொந்துபோன பன்றி. எனக்குத் தெரிந்த அளவில் பன்றி மாதிரி மூக்கால் ஒரு சத்தம் போட்டேன்.

அவள் சிரித்தாள். தொண்டையில் எங்கேயோ சிக்கியிருந்தது அவிழ்ந்தது போல முதலில் ஒரு சின்ன விக்கல். பிறகு மேசை ஆடும் அளவுக்குச் சிரிப்பு.

குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்த என் கணவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கதவடிக்கு ஓடி வந்தார்.

“ஆர் சிரிச்சது?”

அவர் அப்படிக் கேட்டதில் பிழையில்லை. அவள் எங்கள் வீட்டுக்கு வந்து பல கிழமைகள் ஆகியிருந்தன. அந்தச் சத்தத்தை நாங்கள் இருவரும் அன்றுதான் முதன்முதலில் கேட்டோம்.

மகள் போட்ட நிபந்தனைகள்

இந்தத் தொடரில் புசல்லாவைத் தேயிலைத் தொழிற்சாலையைப் பற்றி எழுதினேன். அங்கே கணக்கெழுதிய அப்பாவைப் பற்றி, ஆசிரியர் கலாசாலை விடுதியின் தண்ணீர்ச் சாம்பாரைப் பற்றியெல்லாம் எழுதினேன். மகளைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுதவில்லை. அது அவளுடைய கதை. கேட்காமல் எடுக்கக் கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

போன கிழமை கேட்டேன். இப்போது அவள் நான் படிப்பிக்கும் பாடசாலையிலேயே பெரிய வகுப்பில் படிக்கிறாள். எதற்கும் உடனே ஆம் என்று சொல்லும் வயதில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து நிபந்தனை போட்டாள்.

“என்ட சரியான பேர் வரக் கூடாது. ரோஷினின்னு போடுங்க.”

“சரி.”

“என்ன எங்கயும் ‘பாவம்’னு எழுதக் கூடாது.”

“சரி.”

“அந்த நாய் நான்தான் டிசைன் பண்ணினேன். அத எழுதணும்.”

இந்த மூன்றுக்கும் கட்டுப்பட்டு இதை எழுதுகிறேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லை. அதற்காக ஏறி இறங்கிய ஆஸ்பத்திரிப் படிகளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. இனிப் போதும் என்று இருவரும் முடிவெடுத்த பிறகு, ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க மகவேற்புக்கு விண்ணப்பித்தோம். என் கணவர் சாவகச்சேரிக்காரர். வங்கியில் வேலை. மாற்றலாகிக் கண்டிக்கு வந்தவர் என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். கட்டுகஸ்தோட்டையிலிருந்து வத்தேகம போகும் பாதையில் எங்கள் வீடு. இரண்டு அறைகள், பின்னால் ஒரு கொய்யா மரம், முன்னால் பஸ் சத்தம்.

ரோஷினி கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் இல்லத்தில் இருந்தாள். தாய் இறந்துவிட்டார். உறவு என்று சொல்லிக்கொண்டு யாரும் முன்வரவில்லை. எங்களுக்கு முன் ஒரு குடும்பம் அவளை அழைத்துப்போய்ச் சில மாதங்கள் வைத்திருந்துவிட்டு, “ஒத்துவரல்ல” என்று திரும்பக் கொண்டுவந்து விட்டிருந்தது. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை யாருக்கு, எதற்கு ஒத்துவர வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதனால்தான் எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அவள் தன் பையைக் காலியாக்கவில்லை. நீலப் பை. அதைக் கட்டில் காலோடு சாய்த்து வைத்திருப்பாள். உடுப்பு மாற்ற வேண்டுமானால் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பவும் சிப்பை இழுத்து மூடுவாள். காலையில் எழும்பியதும் முகம் கழுவ முன்னரே கேட்பாள்:

“இன்னைக்கா போறது?”

“எங்கயும் போகல்ல. பல்லு விளக்கிட்டு வாங்க” என்பேன். சரி, இன்றைக்கு இல்லை என்பது போலத் தலையை ஆட்டிவிட்டுப் போவாள்.

என் கணவரை மட்டும் வந்த மூன்றாம் நாளே “அப்பா” என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். எனக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. பாதையில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் என்னை அழைப்பதைக் கேட்டு அவளும் “டீச்சர்” என்றாள். இரவில் தண்ணீர் வேண்டுமென்றாலும் “டீச்சர்”தான்.

சூட்டி

இன்னொரு சிக்கலும் இருந்தது. அதன் பெயர் சூட்டி. சிங்களத்தில் ‘சின்னவன்’ என்று பொருள். ஆளோ கன்றுக்குட்டி அளவு. பக்கத்து வீட்டுக் குமாரி அக்கா வளர்த்த நாய். ஊரில் ஒருவரையும் கடித்ததில்லை. ஆனால் எல்லாரையும் பார்த்துக் குரைக்கும்.

ரோஷினியின் கெண்டைக்காலில் ஒரு பழைய தழும்பு உண்டு. எந்த நாய், எந்த ஊரில் என்று யாருக்கும் தெரியாது. நாயைக் கண்டால் அவள் கத்த மாட்டாள், அழவும் மாட்டாள். அப்படியே மரத்துப்போய் நிற்பாள். மூச்சு விடுகிறாளா என்று நாங்கள் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்.

குமாரி அக்கா நல்ல மனுஷி. “பயப்பட வேணாம் மகள், இது பூனை மாதிரி” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிப் பார்த்தார். பிறகு தானாகவே சூட்டியைப் பின்வளவில் கட்டினார். ஆனால் கண்டியில் பக்கத்து வீட்டு நாயைக் கட்டினால் மட்டும் போதுமா? பஸ் தரிப்பில் ஒன்று, பேக்கரி வாசலில் இரண்டு, கோயிலடியில் ஒரு குடும்பம். அவள் வாசற்படி தாண்ட மறுத்துவிட்டாள். முதலாம் வகுப்பில் சேர்க்கும் காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று எங்களை வந்து பார்த்துப் போகும் அரசாங்க நன்னடத்தை உத்தியோகத்தர் ஓர் இளம் பெண். எல்லாரும் அவரை “மிஸ்” என்போம். தன்மையாகத்தான் பேசுவார். ஆனால் அந்த முறை வந்தபோது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்:

“டீச்சர், மனசு நோக வேணாம். பிள்ளைக்கு இங்க ஒட்டல்லன்னா நாங்க கட்டாயப்படுத்த ஏலாது. இன்னொரு தடவ அலையவிடவும் கூடாது. அடுத்த முறை நான் அவகிட்டயே கேட்பேன்.”

அவர் போன பின் நான் குசினிக்குள் போய், கழுவின கோப்பைகளையே திரும்பவும் கழுவினேன்.

ரேடியோவுக்கும் சட்டை

நூல் பின்னும் கொக்கி ஊசி என் கைக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும்.

நான் படித்த பாடசாலையில் தையல் பாடம் எடுத்த சிஸ்டருக்கு, உலகில் எந்தப் பொருளும் மூடாமல் இருக்கக் கூடாது என்று ஒரு கொள்கை. கண்ணாடிக் கோப்பைக்கு மூடி, கதிரை முதுகுக்கு விரிப்பு, தொலைபேசிக்குப் பாவாடை. எல்லாம் வெள்ளை நூலில் கொக்கி ஊசியால் பின்ன வேண்டும். எங்கள் தோட்டத்து வீட்டில் ரேடியோவுக்கும் சட்டை இருந்தது. அப்பா செய்தி கேட்கும்போது அந்தச் சட்டையைத் தூக்கிவிட்டுத்தான் குமிழைத் திருக வேண்டும். “வெட்கப்படுற ரேடியோ” என்பார்.

பரீட்சை முடிந்த மறுநாள் ஊசியைத் தூக்கி வைத்தவள், பிறகு அதைத் தேடவேயில்லை. எனக்குக் கணிதம் பிடித்தது, தையல் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் ரோஷினி வந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் சுவரைப் பார்ப்பாள். நான் சிரித்தால் கீழே பார்ப்பாள். நான் ஏதாவது கேட்டால் அறைக்குள் போய்விடுவாள். ஆனால் பரீட்சைத் தாள் திருத்தும்போதோ பயற்றங்காய் உடைக்கும்போதோ மெதுவாக வந்து பக்கத்தில் நிற்பாள். என் கண் வேறெங்கோ இருக்கும்போதுதான் அவள் கண் என் மேல் வரும்.

சரி, அப்படியானால் பார்க்காமலே இருப்போம் என்று முடிவெடுத்தேன். கைக்கும் கண்ணுக்கும் நெடுநேரம் வேலை தரும் ஒன்று வேண்டியிருந்தது. தாள் திருத்தும்போது எனக்குக் கோபம் வரும், அது சரிவராது. அப்போதுதான் ஒருநாள் கைப்பேசியில் யாரோ ஒரு பெண் நூலில் சின்ன யானை பின்னும் காணொளி வந்தது. அலுமாரியின் அடித்தட்டில் என் பழைய ஊசி இருந்தது. கொஞ்சம் துரு. தேங்காய் நெய் தடவித் துடைத்தேன்.

பொம்மை பின்னுவது விரிப்புப் பின்னுவது போலல்ல என்று தொடங்கியதும் தெரிந்தது. நடுவில் இழுத்து மூடும் ஒரு சின்ன வளையம். அதற்குள் ஆறு கண்ணிகள். அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு. கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் விரியும். கூட்டுவதை நிறுத்தினால் ஓரம் நிமிர்ந்து கிண்ணமாகும். குறைத்துக்கொண்டு வந்தால் வாய் மூடி உருண்டையாகும். இத்தனை வருடம் கரும்பலகையில் கோளம் கீறியவள் நான். அது கைக்குள் உருண்டு வருவதை அன்றுதான் பார்த்தேன். என்னை அறியாமல் சத்தமாக எண்ணத் தொடங்கினேன். சில நாளில் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து முணுமுணுப்பாக இன்னொரு குரலும் எண்ணியது. நான் நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் நின்றுபோயிருக்கும்.

அப்படி எண்ணி எண்ணி வளர்ந்ததுதான் முயலாகப் போய்ப் பன்றியாக வந்த அந்தத் தலை.

கட்டிலுக்குக் கீழே

அவள் சிரித்த பிறகு எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. காதுகளை அவிழ்த்துச் சரியாகப் பின்னினேன். மூக்கைச் சிறிதாக்கினேன். பழைய தலையணை ஒன்றைக் கிழித்து இலவம் பஞ்சு எடுத்து உடம்பை நிரப்பினேன். பார்ப்பவர்கள் முயல் என்று ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. கடைசிச் சில சுற்றுகள்தான் மிச்சம்.

அந்தச் சனிக்கிழமை பெற்றார் கூட்டத்துக்குப் பாடசாலைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். கதவைத் திறந்ததும் கூடம் முழுக்கப் பஞ்சு. மின்விசிறிக் காற்றில் அது தரையில் உருண்டு கொண்டிருந்தது. நடுவில், அவித்த நூடில்ஸ் கொட்டியது போல, சுருண்டு சுருண்டு இளஞ்சிவப்பு நூல். முயல் இல்லை.

என் கணவர் குசினியிலிருந்து அகப்பையோடு வந்தார். பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“நான் இடியப்பத்துக்குச் சொதி வைச்சுக்கொண்டு நிண்டனான். ஒரு சத்தமும் கேக்கேல்லையப்பா.”

அவள் கட்டிலுக்குக் கீழே, சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். கையில் அந்த நீலப் பை. நான் குனிந்தபோது அதை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தாள்.

“இன்னைக்குத்தானே போறது?” என்றாள். அன்று அது கேள்வியாகவே இருக்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. முயலுக்காகவா, அவளுக்காகவா என்று பிரிக்கத் தெரியவில்லை. பல பின்னேரங்களின் வேலை தரையில் கிடந்தது, அதுவும் உண்மை. நூலை அள்ளிக்கொண்டு வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்தேன். ஒரு நுனியைத் தேடி எடுத்து உருண்டையாகச் சுற்றத் தொடங்கினேன். அது நாலாப் பக்கமும் சிக்கிக்கொண்டது.

“யாராவது ஒரு பக்கம் பிடிச்சா சுகமா இருக்கும்” என்று பொதுவாகச் சொன்னேன்.

பிறகு கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு கை மட்டும் வந்தது. அந்தக் கையில் நூலைக் கொடுத்தேன். நான் சுற்ற, அது விட்டுக் கொடுத்தது.

“டீச்சருக்குக் கோவமா?”

“கொஞ்சம்.”

“எவ்வளவு?”

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் காட்டினேன். அவள் தலையை நீட்டி அந்த இடைவெளியைக் கவனமாகப் பார்த்தாள்.

“அது போயிருமா?”

“இதச் சுத்தி முடிக்கிறதுக்குள்ள போயிரும்.”

அவள் இன்னும் கொஞ்சம் வெளியே வந்தாள். “இழுத்தா வந்துகிட்டே இருந்திச்சு” என்றாள். “எங்க முடியுதுன்னு பார்த்தேன்.”

“எங்க முடிஞ்சிச்சு?”

“முடியல்ல. நூலுதான் இருந்திச்சு. முயல்தான் இல்ல.”

அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் பஞ்சு கூட்டிக்கொண்டிருந்த என் கணவர் தும்மினார். ஒன்று, அதன் மேல் இன்னொன்று, பிறகு நிற்காமல். அகப்பை எங்கோ விழுந்த சத்தம் கேட்டது. கட்டிலுக்குக் கீழே சிரிப்பு வந்தது. பையை அங்கேயே விட்டுவிட்டு அவள் வெளியே ஊர்ந்து வந்தாள், அப்பா தும்முவதைப் பார்க்க.

அந்த நாளுக்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. நான் பின்னுவேன். ஒரு கிண்ணமளவு வந்ததும் அவள் நுனியைப் பிடித்து இழுப்பாள். அது சுற்றிச் சுற்றி அவிழ்ந்து காணாமல் போகும். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் திரும்பவும் வளையத்தில் தொடங்குவேன்.

“நீர் பின்னுறீர், அவள் குலைக்கிறாள்” என்றார் என் கணவர். “இதுக்கு ஒரு முடிவு இல்லையோ?”

“அவ முடிக்கட்டும்” என்றேன்.

ஒரு பின்னேரம் கிண்ணம் முழு உருண்டையாகியும் அவள் இழுக்கவில்லை. விரலால் தடவிப் பார்த்தாள்.

“நாய் செய்வோம்” என்றாள்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். “என்ன?”

“நாய். வாய் வேணாம். கண்ணு மட்டும்.”

இரண்டு கண்கள்

நாய் இளஞ்சிவப்பாக இருக்க முடியாது என்றும் அவளே சொன்னாள். அதனால் நூல் வாங்கக் கண்டிக்குப் போக வேண்டியிருந்தது. அவளாகக் கேட்டு வாசற்படி தாண்டியது அன்றுதான். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு செவலை நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது. அவள் மரத்துப்போய் நின்றாள். என் கணவர் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். “இஞ்ச மேல ஒரு நாயும் வராது” என்றார். அவருடைய தலைமயிரைக் கடிவாளம் போலப் பிடித்துக்கொண்டு சந்தைப் பக்கமாகப் போனாள். கூடையில் பழம் விற்பவன்கூட வழிவிட்டான்.

நாங்கள் போன நூல்கடை ஒரு சந்துக்குள் இருக்கிறது. சுவர் முழுக்கப் பொத்தான் போத்தல்கள். எல்லாரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:

“என்னத்துக்கு மகள் நூலு? சுவெட்டருக்கா?”

“நாய்க்கு” என்றாள் தோளிலிருந்து.

“நாய்க்குச் சுவெட்டரா?”

“இல்ல. நாயே.”

அவருக்கு விளங்கச் சிறிது நேரமாயிற்று. விளங்கியதும் பொத்தான் போத்தல்களை வரிசையாக இறக்கி வைத்தார். அவள் கீழே இறங்கிக் கையை விட்டுத் துழாவி, ஒரு கறுப்புப் பொத்தானும் ஒரு நீலப் பொத்தானும் எடுத்தாள்.

“ஒரே மாதிரி ரெண்டு எடுங்க புள்ள” என்றார் நானா.

“ஒண்ணு பகலுக்கு, ஒண்ணு ராவுக்கு” என்றாள்.

நானா மறுபேச்சில்லாமல் இரண்டையும் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து தவிட்டு நிற நூலில் தொடங்கினோம். அவள் மேற்பார்வை. தலை பெரிதாக வேண்டும், ஏனென்றால் யோசிக்கும் நாய். வயிறு மெத்தென்று இருக்க வேண்டும். கால்கள் கட்டை, ஏனென்றால் வேகமாக ஓடி வரக் கூடாது. பஞ்சை அவளே கிள்ளிக் கிள்ளி நிரப்பினாள். என் கணவர் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தூரத்தில் இருந்து பார்த்தார். நான்கு கால்களும் ஒரே அளவில் வரவில்லை. மேசையில் வைத்தால் ஏதோ கேட்பது போல ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அதையும் அவள் அங்கீகரித்தாள்.

மிஸ் கேட்ட கேள்வி

முன்னறிவித்தல் இல்லாமல் மிஸ் வந்தார். நான் பாடசாலையால் வந்து சேலை மாற்றியிருக்கவில்லை. தேநீர் வைக்கக் கேத்தலை அடுப்பில் ஏற்றினேன். தேயிலை பாதி வெளியே கொட்டியது.

கூடத்தில் ரோஷினி தரையில் இருந்தாள். மடியில் நாய். மிஸ் கதிரையில் உட்காராமல் அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். அவருக்குப் பிள்ளைகளோடு பேசத் தெரியும். அதை நான் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

“இது யாரு?”

“நாய்.”

“வாய் எங்க?”

“வாய் இல்ல.”

“ஓ.” மிஸ் சிறிது நேரம் நாயின் காதைத் தடவினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். “ரோஷினி, நான் ஒண்ணு கேட்பேன். உங்களுக்கு எது விருப்பமோ அதச் சொல்லணும். யாரும் ஏச மாட்டாங்க. சிஸ்டர்மாருகிட்டத் திரும்பிப் போக விருப்பமா?”

குசினி வாசலில் நான் தேநீர்த் தட்டோடு நின்றேன். என் கணவர் எனக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

ரோஷினி நாயைத் திருப்பிப் பிடித்தாள். அதன் பின்பக்கத்தை மிஸ்ஸுக்குக் காட்டினாள்.

“இப்ப போக ஏலாது” என்றாள். “இன்னும் வால் வைக்கேல்ல.”

‘வைக்கேல்ல’. அது என் பேச்சும் அல்ல, இல்லத்துப் பேச்சும் அல்ல. அச்சொட்டாகச் சாவகச்சேரி. எனக்குப் பின்னால் நின்ற சாவகச்சேரிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்வளவுக்குப் போய்விட்டார்.

மிஸ் சிரிக்காமல்தான் கேட்டார், “வால் எப்ப வைப்பீங்க?”

“தெரியாது. டீச்சருக்கு நேரமில்ல. பேப்பர் திருத்துறாங்க.”

“அப்ப இன்னும் நாளாகுமா?”

“ஆகும்” என்றாள் நிதானமாக.

மிஸ் தேநீர் முழுவதையும் குடித்தார். வேறெதுவும் கேட்கவில்லை. கேற்றடியில் என் கையைப் பிடித்து, “அவசரப்பட்டு வால் வச்சிராதீங்க டீச்சர்” என்றார்.

அந்தச் சொல்லை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

வால் என்பது சின்ன வேலை. ஒரு தேநீர் ஆறுவதற்குள் பின்னிவிடலாம். நான் பின்னவில்லை. ஒருநாள் ஊசியைக் காணோம் என்றேன். ஒருநாள் தலையிடி. தவிட்டு நூல் முடிந்துவிட்டது என்றேன், அது முடியவில்லை. என் கணவர் அதை வங்கிக்குக் கொண்டுபோய்த் தன் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தார். நாங்கள் இருவரும் படித்தவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள். ஒரு நாய்ப் பொம்மையின் வாலில் எங்கள் வீடு தொங்கிக்கொண்டிருப்பதாக உண்மையாகவே நம்பினோம்.

இதற்கிடையில் அவள் முதலாம் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். வால் இல்லாத நாய் பைக்குள் இருந்தது. நாய்ப் பயம் போய்விடவில்லை. இன்றும் பெரிய நாயைக் கண்டால் மற்றப் பக்கத்துக்குக் கடந்துவிடுவாள். ஆனால் நடந்து கடக்கிறாள். நீதிமன்றத்தில் கையெழுத்து வைத்த நாளும் வந்து போயிற்று. திரும்பும் வழியில் வாவிக்கரையில் ஐஸ்கிறீம் குடித்தோம். சட்டப்படி அவள் எங்கள் மகள். அப்போதும் நான் வால் வைக்கவில்லை.

‘டீச்சர்’ எப்போது ‘அம்மா’வாக மாறியது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு நினைவில்லை. கொஞ்சக் காலம் இரண்டும் கலந்து வந்தது. ‘டீச்சரம்மா’ என்றுகூட வந்தது. ஒருநாள் பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டுவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபோதுதான், வீட்டில் அந்தச் சொல் நின்றுபோய் எவ்வளவோ நாளாகிவிட்டது என்று எனக்கே உறைத்தது.

பிறகு ஒரு விடுமுறை நாள் காலை. மழை விட்டிருந்தது. கொய்யா மரத்தடியில் என் கணவர் ஏதோ பறித்துக்கொண்டிருந்தார். நான் பின்வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ரோஷினி நாயைக் கொண்டுவந்து என் மடியில், கீரையின் மேலேயே வைத்தாள். கொக்கி ஊசியை எடுத்து நீட்டினாள். பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து தவிட்டு நூல் உருண்டையையும் எடுத்தாள். அதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. கொய்யா மரத்தடியில் ஒருவர் அவசரமாக மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

“வால் வைங்கம்மா” என்றாள்.

நான் ஊசியை வாங்கினேன். வளையம் போட்டேன். விரல் ஓடவில்லை. முதல் சுற்றிலேயே கணக்குத் தப்பி அவிழ்த்தேன். திரும்பவும் தப்பியது.

அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, என் முழங்காலில் நாடியை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் நூலையே பார்த்தபடி சொன்னாள்:

“பயப்படாம வைங்க. வச்சாலும் நான் போகல்ல.”